ஃப்ரெடியின் கல்லில் இருந்த வரி

‘ஏழாம் துறை’ பார்க்காதவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை என்று ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவரிடம்தான் நான் பேசியே ஆகவேண்டியிருந்தது. அதை ஏழு வருடம் தள்ளிப்போட்டேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் படம். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ராஜா, மந்திரம், செத்தவர்கள் கடந்துபோகும் ஓர் ஆறு, அந்த ஆற்றுக்கு ஏழு படித்துறைகள். ஏழாவது துறையில் உதியன் என்று ஓர் ஒற்றைக்கண் காவலாளி. நூறு வருடம் தூங்கக்கூடாது என்பது அவனுக்கு இடப்பட்ட சாபம். போரில் வெட்டுப்பட்ட ஒரு சின்ன வயதுச் சிப்பாய் அந்தத் துறைக்கு வந்து சேர்வான். கண்ணை மூடினால் ஆற்றுப்பேய் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நடுங்கிக்கொண்டே விழித்திருப்பான். படம் முழுக்க வாயே திறக்காத உதியன் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரி சொல்வான். ‘நீ தூங்கு. நான் முழிச்சிருக்கேன்.’

அதற்குப் பிறகு மூன்று நிமிடம் இசை கிடையாது, தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். தண்டையார்பேட்டையில் நாங்கள் பார்த்த தியேட்டரில், விசிலடிக்கவென்றே வந்த கூட்டம் மூச்சுக்கூட விடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃப்ரெடி கர்ச்சீப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஃப்ரெடி என் தோஸ்து. ராயபுரத்தில் எனக்கு அடுத்த தெரு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, பிறகு திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் ஒரே வேலை. லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளின் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பகல் ஷிஃப்ட், அவனுக்கு இரவு ஷிஃப்ட். சாயந்தரம் நான் முடித்து அவன் தொடங்கும் அந்த அரைமணி நேரம் எங்களுடையது. ‘ஏழாம் துறை’யைப் பதினான்கு தடவை சேர்ந்து பார்த்தோம். அதில் வரும் வசனம் எல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

படம் வந்து ஒன்றரை வருடத்தில் ஃப்ரெடி போய்விட்டான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், துறைமுகத்துக்குப் போக வரிசைகட்டி நின்ற டிரெய்லர்களுக்கு நடுவே பைக்கில் புகுந்து போயிருக்கிறான். ஒரு வண்டி நகர்ந்தது. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

முப்பதாம் நாள் பூசைக்குள் கல்லறைக்குக் கல் வைக்க ஏற்பாடு நடந்தது. பங்குச் சாமியார் இரண்டு வேதவசனங்களைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஃப்ரெடியின் அப்பா ஸ்டானிஸ்லாஸ் அங்கிள் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இரண்டில் எதையாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். அம்மா ஃப்ளோரா ஆன்ட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“வேதவசனம் எல்லா கல்லுலயும்தான் கீது. எம்புள்ள பேச்ச போடணும்,” என்றார் என் பக்கம் திரும்பி. “தெனம் சாயந்தரம் ஷிஃப்ட்டுக்குக் கெளம்பசொல்ல வாசப்படில நின்னுகினு ஒண்ணு சொல்வான்டா ஃபவாசு. நீ தூங்கு, நான் முழிச்சிருக்கேன்னு. அம்மா ராவெல்லாம் நம்மள நெனச்சி பயந்துகினு கெடக்கப்போவுதேன்னு அவனுக்கு. பெத்தவகிட்ட இப்டி எவன்டா சொல்வான்? அத்த போடு. அவன் எனக்கு சொன்னத்த இனிமே நான் அவனுக்கு சொல்றேன்.”

நான் வாயைத் திறந்தேன். ஆன்ட்டி, அது படத்தில் வருகிற வசனம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் பக்கத்தில் ‘முழிச்சிருக்கேன்’ என்று எவனும் பேசமாட்டான், அது சினிமாக்காரர்கள் பேசுகிற பேச்சு. ஆன்ட்டி கடைசியாகத் தியேட்டருக்குப் போனது கல்யாணமான புதிதில். பிள்ளை ஆபீஸுக்குப் போய் நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொண்டான் என்று அவர் நினைத்திருக்கிறார். முப்பது நாளில் அவர் முகம் எலும்பும் தோலுமாக ஆகியிருந்தது. அந்த வரியைச் சொல்லும்போது மட்டும்தான் அதில் கொஞ்சம் உயிர் வந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கல்வெட்டுகிறவர் இலக்கணமாக மாற்றிப் போடட்டுமா என்று கேட்டதற்கும், “அவன் எப்டி சொன்னானோ அப்டியே வெட்டு,” என்று ஆன்ட்டி கறாராகச் சொல்லிவிட்டார்.

எங்கள் முஸ்லிம் கபரஸ்தானில் வருடத்துக்கொரு முறை வெள்ளையடிப்பது, எழுத்தைப் புதுப்பிப்பது எல்லாம் கிடையாது. ஆனாலும் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம், கறுப்பு எனாமல் டப்பாவும் மெல்லிய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் போவேன். மழையும் உப்புக்காற்றும் எழுத்துகளைத் தின்றிருக்கும். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அந்த வரிக்கு வரும்போது, யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வேன். திருடனுக்கு உள்ள கூச்சம்தான்.

பிறகு வந்தது ‘ஏழரைத் துறை’. அதே டைரக்டர், அதே உதியன், இரண்டாம் பாகம். பெயரைப் பார்த்தே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும். எங்கள் ரசிகர் வாட்ஸப் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். உதியனின் சாபம் தீருமா, அந்தச் சிப்பாய் கரை சேர்ந்தானா என்று ஒன்பது வருடமாக அடித்துக்கொண்ட கூட்டம். பெயரில் ஏதோ ஆழமான அர்த்தம் இருக்கிறது என்று நானே நாலு பக்கம் எழுதினேன். புளியந்தோப்பில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற பீம்ராவ் எங்கள் குழுவில் முக்கியமான ஆள். அவன் இருபதடிக்கு ஒரு பேனர் அடித்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி அடியில் ரசிகர்களின் முகங்கள் ஸ்டாம்பு சைஸில் வரிசையாக. செத்துப்போன ரசிகனுக்கும் அதில் இடம் உண்டு, பக்கத்தில் ஒரு தீபம் போட்டுவிடுவார்கள். ஃப்ரெடியைத் தீபத்தோடு முதல் ஆளாக வைத்திருந்தான்.

தீபாவளியன்று காலை ஒன்பது மணிக் காட்சி. முதல் பத்து நிமிடம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். உதியன் வந்தான். எப்படி வந்தான் தெரியுமா? சாபம் தலைகீழாகிவிட்டதாம். இப்போது அவனால் விழித்திருக்கவே முடியாதாம். படகில் ஒரு குண்டு வியாபாரியை ஏற்றிக்கொண்டு, “நீ தூங்கு, நான் முழிச்சிருக்...” என்று சொல்லும்போதே குறட்டை விடுகிறான். படகு அருவியில் கவிழ்கிறது. தியேட்டர் சிரித்தது. மறைப்பானேன், முதல் தடவை நானும் சிரித்தேன். மூன்றாவது தடவை பல்லைக் கடித்தேன். படத்தில் ஒன்பது தடவை அந்த வரி வருகிறது, ஒன்பது தடவையும் குறட்டைதான். கடைசியில் அந்தச் சிப்பாயே வருகிறான். உதியன் மடியில் தலை வைக்கிறான். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடுகிறான். ஏன் ஓடுகிறான் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உதியன் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. வெளியே வந்தபோது பீம்ராவ் பேனர் கட்டிய கயிற்றைத் தன் கையாலேயே அறுத்துக்கொண்டிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

“ஒம்போது வருசம் மாமு. நம்மள வெச்சே காமெடி பண்ட்டானுங்கோ,” என்றான்.

குழுவில் பாதிப் பேர் அன்றைக்கே வெளியேறினார்கள். டைரக்டர் ஒரு பேட்டியில், ரசிகர்கள் இவ்வளவு சீரியஸாக இருக்கக்கூடாது, ஜாலியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவரைத் திட்டி விடிய விடிய எழுதினார்கள். நான் ‘உதியனைக் கொன்றவர்கள்’ என்று ஒரு நீளமான பதிவு போட்டேன். முந்நூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. உலகத்திலேயே பெரிய துக்கம் எங்களுடையதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலே நாளில் அந்த வரி ஊரெல்லாம் பரவிவிட்டது. ஷேர் ஆட்டோவில் டிரைவர் சொல்கிறார், பின்சீட்டில் இருப்பவர் குறட்டை விடுகிறார். யார்டில் என் சூப்பர்வைசர் இரவு ஷிஃப்ட்காரர்களிடம் சொல்கிறார். போனைத் திறந்தால் பாப்பா முதல் தாத்தா வரை யாரோ ஒருவர் சொல்லிவிட்டுக் கவிழ்ந்து விழுகிறார்கள். ஐந்தாம் நாள் சாயந்தரம் ஸ்டானிஸ்லாஸ் அங்கிள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஃப்ளோரா உன்ன கூட்டினு வர சொல்லுச்சு. ஜல்தி வா,” என்றவர், தெரு முனையில் ஒரு நிமிடம் நின்றார். “எதனா சொல்லி சமாளிச்சிடு பா,” என்றார். எதைச் சமாளிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆன்ட்டி உட்காரவில்லை. ரேஷன் கடைப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார்.

“ரேஷன் கடை லைன்ல ஒரு பையன் சொல்றான்டா. நீ தூங்கு, நான் முழிச்சிருக்கேன்னு. சொல்ட்டு கொறட்ட வுடறான். லைன்ல எல்லாம் சிரிக்கிது. இன்னாடா இதுன்னு கேட்டா புதுசா வந்த படத்துல வர்துன்றான்.” பையைத் தரையில் போட்டார். “எவனோ ஒருத்தன் கல்லறைக்கு வந்து எம்புள்ள கல்ல படிச்சிட்டு பூட்டுக்கீறான் ஃபவாசு. அத்த சினிமால வெச்சி சிரிப்பு காட்றானுங்கோ. எம்புள்ள பேச்சுடா அது. அவன் எனக்குன்னு வுட்டுட்டு போனது.”

அவர் இப்படி நினைப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அவர் இடத்திலிருந்து பார்த்தால் வேறு எப்படி நினைப்பார்? கல் ஏழு வருடமாக நிற்கிறது. படம் இந்தத் தீபாவளிக்குத்தான் வந்தது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட அவர் சொன்னதைத்தான் சொல்லும்.

“உனுக்குத்தான் சினிமாக்காரங்கள தெரியுமே, ஒரு லெட்டரு எய்து,” என்றார். டைரக்டர் ஒரு தடவை என் மெசேஜுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பியதை நான் இந்த வீட்டில் வந்து பீற்றிக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நியாயமாக அவர் திட்டியிருக்க வேண்டும், திட்டவில்லை. “மருவாதியா எய்து. அந்த வார்த்த என் மகன் ஃப்ரெடியோடதுன்னு எய்து. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு எய்து. நல்ல விதமா வெச்சிருந்தா நாலு பேரு காதுல அவன் பேச்சு விய்துன்னு நானே சந்தோசப்பட்டிருப்பேன். சிரிக்கிற மாதிரி வெச்சிட்டீங்களே ஐயா, இது நியாயமான்னு கேளு.” கடைசியில் தன் பெயரைப் போடச் சொல்லவில்லை. ஃப்ரெடியின் தாய் என்று போடச் சொன்னார்.

அங்கிள் அந்த நேரம் முழுக்கச் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மூடினேன். ஏழு வருடத்துக்கு முன்னால் விட்டதை இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கே அனுப்பிடறேன் ஆன்ட்டி,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பீம்ராவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். “உட்டுரு மாமு. ரெண்டு வாரத்துல வேற படம் வந்துரும், எல்லாம் மறந்துரும். அந்தம்மாகிட்ட போயி உண்மைய சொல்லி இன்னா பண்ணப்போற?” என்றான். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. ஆனால் ஆன்ட்டி மறக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்து பதில் வந்ததா என்று கேட்டார். வரும் ஆன்ட்டி, பெரிய ஆளுங்க, லேட்டாகத்தான் போடுவாங்க என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அந்த வாரம் எழுத்துகளுக்குக் கறுப்பு நிரப்பப் போனபோது பிரஷ் சறுக்கி அந்த வரியில் மட்டும் பெயின்ட் வழிந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துச் சரிசெய்தேன்.

கல்லறைத் திருநாள் இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்தே கூட்டம். சாமந்தியும் மெழுகுவத்திப் புகையும் கடல் காற்றில் கலந்து அடித்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். ஃப்ரெடியின் கல்லைச் சுற்றி ஆன்ட்டி மாலை போட்டார். அங்கிள் காற்றுக்கு அணையாமல் மெழுகுவத்திகளைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கல்லறைக்குத் தங்கள் தாத்தாவைக் கும்பிட மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவன் எங்கள் கல்லைப் படித்தான். பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். அவன் போனை எடுத்துக் கல்லைப் படம்பிடித்துக்கொண்டே லேசாகக் குறட்டை விட்டான். மூவரும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

ஆன்ட்டி எழுந்தார். அறுபது வயதுக்கு அவ்வளவு வேகமாக எழ முடியும் என்று நான் நினைக்கவில்லை.

“நீங்கதான்டா. இப்டி வந்து படிச்சிட்டு போயிதான்டா எம்புள்ள பேச்ச திருடினு போனீங்கோ,” என்று கத்தினார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கெட்ட பையன்கள் இல்லை. சிரித்தவனுக்கு முகம் செத்துவிட்டது. “ஆயா, மன்ச்சுக்கோ. தெரியாம சிரிச்சிட்டோம்,” என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா இத்த யாரும் திருடல ஆயா. இது மொத படத்துலயே வரும். ஒம்போது வருசம் முன்னாடி வந்துச்சே, ‘ஏழாம் துறை’. நான்கூட அதுக்கு ஃபேன்தான். புது படத்துலதான் கலீஜ் பண்ட்டானுங்கோ. உம்புள்ளையும் ஃபேனா?”

“ஒம்போது வருசமா?” என்றார் ஆன்ட்டி. “எம்புள்ள போயி ஏயு வருசந்தானேடா ஆவுது.”

அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஃபவாசு. இவன் சொல்றது பொய்யின்னு சொல்லு.”

“இல்ல ஆன்ட்டி,” என்றேன். “நெஜந்தான். படத்துல வர்றதுதான். நானும் அவனும் சேந்துதான் பாத்தோம்.”

“கல்லு வெக்கசொல்ல உனுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“லெட்டரு எய்தசொல்ல?”

“தெரியும். அத்த நான் அனுப்பல ஆன்ட்டி.”

அவர் அங்கிளைப் பார்த்தார். “உனுக்கு?”

அங்கிள் மெழுகுவத்தியிலிருந்து கையை எடுக்கவில்லை. “மூணு வருசம் முன்னாடி டீக்கடை டிவில ஓடினு இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரில ஃப்ளோரா.”

நான்கு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. கல்லின் ஓரத்தில் முந்தானையை விரித்து உட்கார்ந்தார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்து போனார்கள். சாமியார் வந்தார், ஜெபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார், போனார். ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். கை மட்டும்தான் அதைச் செய்தது.

“கல்ல மாத்திடலாம்,” என்றார் அங்கிள்.

“அப்போ தெனம் சாயந்தரம் அவன் என்கிட்ட டயலாக் உட்டுட்டு பூட்டுக்கீறான்,” என்றார் ஆன்ட்டி.

“அப்டி இல்ல ஆன்ட்டி. மனசாரதான்...”

“நீ பேசாத.”

வெயில் ஏறியது. பக்கத்து வரிசையில் யாரோ ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவராகவே கேட்டார். கோபமில்லாமல் கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை.

“அவன் சொந்தமா இன்னாடா பேசுவான்? என்கிட்ட நின்னு பேசுனது அந்த ஒரு வரிதான். மத்ததெல்லாம் துணி எங்கம்மா, சாவி எங்கம்மா, கெளம்புறேம்மா. வேற ஒண்ணும் எனுக்கு நெனப்பு வர்ல. நீதானே கூடவே சுத்தினு இருந்த. சினிமா இல்லாம, அவனா சொன்னது எதனா ஒண்ணு சொல்லு. ஒண்ணு போதும்.”

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். இருபது வருடப் பழக்கம். கண்ணை மூடி யோசித்தேன். ஃப்ரெடி பேசினான். என்னைப் பார்த்ததும் படத்தில் தளபதி சொல்கிற வரி. பைக் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ராஜா சொல்கிற வரி. சூப்பர்வைசர் திட்டினால் மந்திரவாதி சொல்கிற வரி. ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பார்க்கிறேன், அதற்குப் பின்னால் இன்னொரு வசனம் வருகிறது. ஏழு வருடமாக நான் நினைத்து நினைத்து அழுதது ஃப்ரெடியையா, அந்தப் படத்தையா? தீபாவளியன்று நான் எழுதிய அந்த நீளமான பதிவில் அவன் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஆன்ட்டி அவசரப்படுத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒன்று வந்தது. யார்டு கேன்டீன் பெஞ்சு. சாயந்தரம் ஆறு மணி. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த ஃப்ரெடி, என்னுடைய டீயைப் பிடுங்கிக் குடித்துக்கொண்டே சொன்னது. சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். யோசித்து யோசித்துத்தான் இந்தக் கதிக்கு வந்தோம் என்று தோன்றியது.

“ஒண்ணு சொன்னான் ஆன்ட்டி. நீங்க கோச்சுக்கக்கூடாது.”

“சொல்லு.”

“மச்சான், எங்கம்மா மீன் கொயம்புல புளிய கொட்டிடும்டா. வாயி கூசிப்பூடுது. சொன்னா மூஞ்சி சுண்டிப்பூடும். அதான் சூப்பரா கீதும்மான்னு சொல்ட்டு ரெண்டு வாட்டி போட்டு துன்ட்டு வந்துகினு கீறேன். அப்டின்னு சொன்னான்.”

ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்தார்.

“புளியா?” என்றார்.

“ஆமா ஆன்ட்டி.”

“வங்கண மீனு கொயம்புன்னா தட்ட வயிச்சி வயிச்சி துன்னுவானேடா,” என்றார். “அவனுக்கு உசுருன்னுதானே வருசா வருசம் இந்த நாளைக்கு அத்த ஆக்கி அவன் போட்டோ முன்னாடி வெக்கிறேன். இன்னிக்கும் வெச்சிட்டுதான்டா வந்தேன்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கிள் மெழுகுவத்தியை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காற்றில் இரண்டு வத்திகள் அணைந்தன.

“அவன் எப்டி சொன்னானோ அப்டியே சொல்லு,” என்றார் ஆன்ட்டி முகத்தைத் துடைக்காமலே. “இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன். அவன் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னேன். முடித்ததும் மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை ‘எங்கம்மா’ என்பதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. மிச்சத்தை அவரே சொல்லி முடித்தார்.